குராசோத் தீவின் வில்லெம்ஸ்ரட் நகரம்: ஒரு சமூகவரலாற்று நோக்கு

நகரங்களின் வரலாற்றைச் சுவடிக்கூடங்களிலே தேடுவது ஆய்வாளர் வழக்கம். சுவடிகளை எழுதி வைத்தோர் பெரும்பாலும் ஆட்சியாளரும் பெருவணிகருமாவர். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் தம்மைப் பற்றி எழுதிவைத்தவை மிகச் சில. எனினும் அம்மக்கள் சுமந்த கல்லும், குழைத்த சுண்ணாம்பும், நடந்த ஒழுங்கைகளும், பேசிய மொழியும் எஞ்சியிருக்கின்றன. ஆகவே அடிநிலை மக்களின் வரலாற்றை அறிய விழைவோர் ஒரு நகரத்தைக் கால்நடையாகச் சுற்றிப் பார்ப்பதும் ஓர் ஆய்வு முறையே எனலாம்.

கரீபியன் கடலிலே, வெனிசுவெலாக் கரையிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீற்றர் வடக்கே, 444 சதுர கிலோமீற்றர் பரப்புடைய வரண்ட தீவொன்று உளது. குராசோ என்பது அதன் பெயர். வில்லெம்ஸ்ரட் அதன் தலைநகர். மஞ்சளும் நீலமும் செம்மையும் பச்சையுமாகப் பலநிறம் பூசிய ஒல்லாந்தப் பாணி மாளிகைகள் நீர்க்கரையோரமாக வரிசையிலே நிற்கும் காட்சி, சுற்றுலாப் பிரசுரங்கள் வாயிலாக உலகெங்கும் அறிமுகமானது. 1997 ஆம் ஆண்டு அந்நகரின் பழைய பகுதியையும் துறைமுகத்தையும் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்துக்கொண்டது. அந்நிறங்கள் எவருடைய உழைப்பின் மீது பூசப்பட்டவை என்ற வினாவை முன்வைத்து, அந்நகரின் தெருக்கள் வழியே ஒருமுறை நடந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறைமுகமும் அதன் தோற்றமும்

1499 இல் ஸ்பானியர் இத்தீவை அடைந்தபொழுது கக்கெத்தியோ என்னும் பழங்குடியினர் இங்கு வாழ்ந்து வந்தனர். பொன் கிடையாமையாலும் மழை அருகியமையாலும் 1513 இல் ஸ்பானிய ஆட்சியாளர் இதனையும் அயற்றீவுகளையும் 'பயனற்ற தீவுகள்' என வகைப்படுத்தினர். நிலம் பயனற்றதாயினும் மனிதர் பயனுடையோராகக் காணப்பட்டனர் போலும். 1515 அளவில் பழங்குடிகளிற் பெரும்பாலோர் இஸ்பானியோலாத் தீவுக்கு அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். இத்தீவின் முதலாவது ஏற்றுமதிப் பொருள் மனிதனே என்பது மனங்கொளற்பாலது.

1634 இல் யொஹான் வான் வால்பேக் என்பவரின் தலைமையிலே ஒல்லாந்த மேற்கிந்தியக் கம்பனியினர் தீவைக் கைப்பற்றினர். இக்கம்பனி 1621 இல் நிறுவப்பட்டது. 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு இதனை இளைய சகோதரி எனலாம். ஒரே வணிகக் குடியரசின் மூலதனம் ஒரே தசாப்தத்தினுள்ளே இருவேறு சமுத்திரங்களிற் கோட்டை கட்டிய வரலாறு இது. கிழக்கே கறுவாவும் மிளகும் அதன் குறி. மேற்கே உப்பும் கடற்போருக்குரிய தளமும் அடிமை வாணிபமும்.

ஒல்லாந்தரைக் கவர்ந்தது நிலமன்று, நீர். சிந்த் அன்னா குடா எனப்படும் ஒடுங்கிய, ஆழமான கால்வாயொன்று கடலிலிருந்து உள்ளே சென்று, ஸ்கொத்தகாட் எனப்படும் பரந்த உட்கடலிலே முடிகின்றது. புயலும் பகையும் அணுகாத இயற்கைத் துறைமுகம் அது. கரும்புத் தோட்டங்களை ஆதாரமாகக் கொண்டெழுந்த ஜமேக்கா, பார்படோஸ் போன்ற தீவுகளினின்றும் குராசோ வேறுபடுவது இங்கேதான். உற்பத்தி செய்யவியலாத தீவு பரிவர்த்தனையிலே செழித்தது. ஸ்பானியக் குடியேற்றநாடுகளுக்கு அடிமைகளை வழங்கும் 'அசியெந்தோ' என்ற ஒப்பந்த முறையின் கீழ் 1662 முதல் குராசோ ஒரு பிரதான இடைத்தங்கல் நிலையமாயிற்று. 1675 இல் அது சுங்கவரியற்ற துறைமுகமாகவும் ஆக்கப்பட்டது. ஆபிரிக்கக் கரையிலிருந்து மாதக்கணக்கிற் கப்பலின் அடித்தளத்திலே கிடந்து, உயிர் தப்பியோர் இங்கு இறக்கப்பட்டு, உணவூட்டி உடல் தேற்றப்பட்டு, அயற்கரைகளுக்கு விற்கப்பட்டனர். கரையோர மாளிகைகளின் அத்திவாரத்தில் இவ்வாணிபத்தின் இலாபமும் கிடக்கின்றது.

புந்தா: கோட்டையும் கடைவீதியும்

கால்வாயின் கிழக்குக் கரையிலுள்ள பழைய நகரம் புந்தா எனப்படும். நிலமுனை என்று பொருள்படும் சொல்லினின்றும் வந்த பெயர் அது. நமது நடையை அதன் தென்முனையிலுள்ள அம்ஸ்ரடாம் கோட்டையிலிருந்து தொடங்குதல் பொருத்தமானது. ஒல்லாந்தர் வந்திறங்கிய சிறிது காலத்திலேயே எழுந்த இக்கோட்டை இன்றும் தேசாதிபதியின் வாசத்தலமாகவும் அரசாங்கத்தின் பணிமனையாகவும் விளங்குகின்றது. கம்பனியின் ஆட்சி 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீங்கியது. அதன்பின் முடியாட்சியின் நேரடி ஆட்சி வந்தது. 1954 இல் உள்ளகத் தன்னாட்சி கிடைத்தது. 2010 ஒக்ரோபர் 10 ஆந் திகதி நெதர்லாந்து அண்டிலீசு என்ற கூட்டமைப்புக் கலைக்கப்பட்டு, குராசோ நெதர்லாந்து இராச்சியத்தினுள் ஒரு தனி நாடாயிற்று. இத்தனை மாற்றங்களின் பின்னும் அதிகாரத்தின் இருக்கை அதே மதிலுக்குள்ளேயே இருந்து வருகின்றது.

கோட்டையினுள்ளே 1769 இற் கட்டப்பட்ட புரட்டஸ்தாந்த தேவாலயம் ஒன்றுண்டு. அதன் சுவரிலே 1804 ஆம் ஆண்டு ஆங்கிலேயரின் தாக்குதலின்போது பதிந்ததாகக் கூறப்படும் பீரங்கிக் குண்டொன்றைப் பார்வையாளருக்குக் காட்டுவர். அக்குண்டைவிட நாம் கருத்திற் கொள்ளவேண்டியது, இத்தேவாலயம் ஆளும் வெள்ளையரின் வழிபாட்டிடமாக மட்டுமே இருந்ததென்பது. அடிமைகளைத் தமது சமயத்திற் சேர்த்துக்கொள்ள ஒல்லாந்தப் புரட்டஸ்தாந்தர் முன்வரவில்லை; அம்மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தோர் கத்தோலிக்கக் குருமாரே. எசமானன் ஒரு சமயமும் அடிமை வேறொரு சமயமுமாக வாழ்ந்த இந்நிலை, நிறத்தாலும் சட்டத்தாலும் வகுக்கப்பட்ட எல்லையைச் சமயத்தாலும் உறுதிப்படுத்தியது.

கோட்டையைக் கடந்து நீர்க்கரையை அடைந்தால் ஹந்தல்ஸ்காதெ எனப்படும் வணிகர் துறை வருகின்றது. பிரசுரங்களிற் காணும் காட்சி இதுவே. வரிசையின் தெற்கு மூலையில் 1708 இல் எழுந்த பென்யா மாளிகை வளைந்த முகப்புடன் நிற்கின்றது. மதிலுக்குட்பட்ட நகரிலே இடம் அரிதாகையால் வீடுகள் ஒடுங்கியும் உயர்ந்தும் ஒன்றையொன்று நெருங்கியும் அமைந்தன. கீழ்த்தளத்திற் பண்டகசாலையும் கடையும், மேற்றளத்தில் வணிகனின் இல்லமும் இருந்தன. அம்ஸ்ரடாம் நகரின் முக்கோண முகப்புகளை இங்கே காணலாம். எனினும் வெயிலைத் தாங்க வேண்டிச் சேர்க்கப்பட்ட நிழற்கூடங்களும் அடைப்புச் சாளரங்களும் ஒல்லாந்தில் இல்லாதவை. வடிவத்தை எசமானன் கொணர்ந்தான். காலநிலை அதனைத் திருத்தியது. திருத்தத்தைக் கைகளாற் செய்தோர் அடிமைகளும் விடுதலை பெற்ற கறுப்பினக் கைவினைஞருமாவர்.

நிறம் வந்த கதை

இம்மாளிகைகள் ஆதியில் இவ்வண்ணம் நிறம் பூசப்பெற்றனவல்ல. வெண்சுண்ணாம்பே பொதுவழக்காயிருந்தது. 1817 இல் தேசாதிபதியாயிருந்த அல்பர்ட் கிக்கர்ட், வெயிலிலே வெண்சுவர்கள் எறிக்கும் ஒளி கண்ணுக்குத் தீங்கு விளைப்பதாகக் கூறி, வீடுகளுக்கு வேறு நிறம் பூசவேண்டுமென ஆணை பிறப்பித்தார். அவரைத் தலைவலி வருத்தியதென்றும், அவர் இறந்தபின் நிறப்பூச்சு விற்கும் கடையொன்றில் அவருக்குப் பங்கிருந்தமை வெளிப்பட்டதென்றும் நகரமக்களிடையே ஒரு கதை வழங்குகின்றது. கதை மெய்யோ பொய்யோ, அது வழங்குவதே ஒரு சான்று. அதிகாரத்தின் கட்டளைக்குப் பின்னால் ஓர் இலாபம் மறைந்திருக்கும் என்பதை அனுபவத்தால் அறிந்த மக்களே இத்தகைய கதையைப் பேணுவர்.

நிறத்தின் இன்னொரு பக்கமும் நோக்கத்தக்கது. கடற்பாறைக் கல்லாலும் உப்புக் கலந்த சாந்தாலும் எழுப்பப்பட்ட பழஞ்சுவர்களில் உப்பு ஊறிக்கிடக்கின்றது. ஈரம் ஏறி இறங்குந்தோறும் அவ்வுப்பு வெளிப்பட்டுச் சாந்தையும் பூச்சையும் உரித்துத் தள்ளுகின்றது. ஆகையால் ஒருமுறை பூசியதனோடு வேலை முடிவதில்லை. மீண்டும் மீண்டும் சுரண்டிப் பூசவேண்டியுள்ளது. கரையில் நின்று படம்பிடிப்போர் காணும் அழகு, ஓயாது புதுப்பிக்கப்படும் கூலியுழைப்பின் விளைவாகும். பராமரிக்கப் பொருளில்லாதவன் வீட்டிலே நிறம் நிலைப்பதில்லை. இந்நகரில் நிறம் வர்க்கத்தின் அடையாளமுமாகும்.

மணல் பரப்பிய தொழுகைக்கூடம்

கரைவீதியிலிருந்து உட்புறத் தெருக்களிற் சிறிது தூரம் நடந்தால் மிக்வே இஸ்ரயேல்-இமானுவேல் என்ற யூதர் தொழுகைக்கூடத்தை அடையலாம். ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் சமயவிசாரணைக்கு அஞ்சி அம்ஸ்ரடாமுக்கு ஓடிய யூதரின் வழிவந்தோர் 1651 முதல் குராசோவிற் குடியேறினர். 1732 இல் திறக்கப்பட்ட இத்தொழுகைக்கூடம் அமெரிக்கக் கண்டங்களிலே இடையறாது பயன்பட்டுவரும் மிகப்பழைய யூதத் தொழுகைக்கூடமாகக் கருதப்படுகின்றது. இதன் தளத்திலே மணல் பரப்பப்பட்டுள்ளது. முன்னோர் பாலைவனத்தில் அலைந்ததன் நினைவு என ஒரு விளக்கம் கூறுவர். சமயவிசாரணைக் காலத்தில் மறைவாக வழிபட்டோர், காலடியோசை வெளியிற் கேளாதிருக்க மணல் பரப்பியதன் எச்சம் என்பது மற்றொரு விளக்கம்.

இவ்விரண்டாவது விளக்கம் நெஞ்சைத் தொடுவது. ஆயினும் சமூகவரலாற்று மாணவன் இங்கு நின்றுவிடலாகாது. துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த இச்சமூகத்தின் வணிகரும், அக்காலத்து ஏனைய வணிகரைப் போலவே, அடிமைகளை உடைமையாக வைத்திருந்தனர். இதனை ஒரு சமூகத்தின் தனிக்குற்றமாகக் காண்பது தவறாகும். அடிமை வாணிபத்தை நடத்திய கம்பனியும் அதனைச் சட்டமாக்கிய அரசும் ஒல்லாந்தப் பெருமூலதனத்துக்குரியவை. ஒடுக்குமுறை ஓர் அமைப்பாக உருப்பெற்றபின், நேற்றுவரை ஒடுக்கப்பட்டிருந்தோரையும் அது தன்னுள் உள்வாங்கிக்கொள்கின்றது என்பதே இங்கு பெறப்படும் பாடம்.

புந்தாவின் வடக்கே வாய்காட் என்னும் நீர்நிலை உளது. அதன் கரையிலே வெனிசுவெலாவிலிருந்து வந்த சிறுகப்பல்கள் கட்டப்பட்டு, கப்பல்களின் முன்னே காய்கனிகளும் மீனும் விற்கப்பட்டு வந்தன. 'மிதக்கும் சந்தை' என்பது அதன் பெயர். விளைநிலம் அரிதான தீவுக்கு அயற்கரையின் விவசாயி உணவளித்த நெடுங்கால உறவின் சின்னம் அது. 2019 இல் வெனிசுவெலா அரசு எல்லையை மூடியபொழுது அக்கப்பல்களின் வரவு நின்றது. அரசுகளிடையே எழும் பிணக்கின் விலையை முதலிற் கொடுப்போர் சிறுவியாபாரியும் ஏழை நுகர்வோனுமே என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மிதவைப் பாலமும் சப்பாத்தும்

புந்தாவிலிருந்து மறுகரைக்குச் செல்ல எம்மா இராணி பெயராலமைந்த மிதவைப் பாலம் பயன்படுகின்றது. அமெரிக்கத் துணைத்தூதராயிருந்த லெனாட் பேளிங்டன் ஸ்மித் என்ற வணிகரின் முயற்சியால் 1888 இல் அது அமைந்தது. இன்றுள்ள பாலத்தின் வடிவம் 1939 ஆம் ஆண்டுக்குரியது. படகுகளை வரிசையாக நிறுத்தி அவற்றின்மேற் பலகையிட்டது போன்ற அமைப்பு. ஏறத்தாழ 167 மீற்றர் நீளம். கப்பல் வரும்பொழுது மணி ஒலிக்க, பாலம் ஒருமுனையிற் பொருத்தப்பட்ட கதவைப் போலப் பக்கவாட்டில் விலகி ஒத்ரபந்தாக் கரையோடு ஒதுங்கிக்கொள்கின்றது. நடந்துகொண்டிருப்போர் அசையும் பாலத்தின் மேலேயே நிற்பதும் உண்டு. பாலம் திறந்திருக்கும் வேளையிற் சிறு தோணிகள் மக்களை ஏற்றியிறக்கும்.

தொடக்கத்தில் இப்பாலத்தைக் கடக்கக் கட்டணம் அறவிடப்பட்டது. சப்பாத்து அணிந்து வருவோர் கட்டணம் செலுத்தவேண்டும். வெறுங்காலுடன் வருவோர் இலவசமாகக் கடக்கலாம். ஏழைகளின் சுமையைக் குறைக்கும் நோக்குடன் வகுக்கப்பட்ட விதியே இது. ஆனால் ஏழைகள் சிலர் தமது மானத்தைக் காக்கும் பொருட்டுச் சப்பாத்தை இரவல் வாங்கியணிந்து காசு கொடுத்துக் கடந்தனர் என்றும், வசதியுள்ளோர் சிலர் காசை மீதப்படுத்தச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தனர் என்றும் நகரத்தவர் கூறுவர். 1934 இற் கட்டணம் நீக்கப்பட்டது.

இக்கதை சிரிப்பூட்டுவதாயினும் சிந்தனைக்குரியது. அடிமைமுறை ஒழிந்து கால் நூற்றாண்டே கழிந்திருந்த சமூகமது. சப்பாத்து அணிதல் அங்கே சுதந்திர மனிதனின் அடையாளம். வெறுங்கால் என்ற நிலை அடிமைத்தனத்தின் நினைவைச் சுமந்தது. ஆகவே இலவசமாகக் கடக்கும் சலுகை, வறுமையைப் பலரறியப் பறைசாற்றும் நிபந்தனையோடு வந்தது. சலுகையை மறுத்துக் காசு கொடுத்தவன் அறிவிலியல்லன். தான் எவ்வாறு நோக்கப்பட வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்தவன் அவன்.

ஒத்ரபந்தா: மறுகரையின் மக்கள்

'மறுகரை' என்பதே ஒத்ரபந்தா என்ற சொல்லின் பொருள். புந்தாவிலே இடம் போதாமையால் 1707 முதல் இக்கரையிற் குடியிருப்புகள் எழுந்தன. பாலத்தின் முனையிலுள்ள சதுக்கம் பெத்ரோ லூயிஸ் பிறியோன் என்பவரின் பெயரைத் தாங்கியுள்ளது. 1782 இற் குராசோவிற் பிறந்து, சீமோன் பொலிவாரின் விடுதலைப் படையிற் கடற்படைத் தளபதியாக உயர்ந்தவர் அவர். இதே தீவிற் பிறந்த கலப்பினத்தவரான மனுவெல் பியார் என்பவரும் அவ்விடுதலைப் போரிலே தளபதியாக விளங்கினார். ஆயினும் 1817 இற் பொலிவாரின் ஆட்சியாற் குற்றஞ் சாட்டப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார். நிறபேதம் விடுதலை இயக்கங்களின் உள்ளேயும் ஊடுருவி நின்றதை இவ்விருவரின் முடிவுகளும் எண்ணிப்பார்க்கச் செய்கின்றன.

சதுக்கத்தை விட்டு உள்ளே செல்லுந்தோறும் நகரத்தின் அமைப்பு மாறுகின்றது. புந்தாவில் நேர்கோட்டுத் தெருக்கள். இங்கோ மேட்டிலும் பள்ளத்திலும் வளைந்து நெளியும் ஒழுங்கைகள். விடுதலை பெற்ற கறுப்பினத்தவர், கலப்பினத்தவர், கைவினைஞர், கடலோடிகள், துறைமுகத் தொழிலாளர் ஆகியோர் இங்கு வாழ்ந்தனர். செல்வர் சிலரும் விசாலமான மாளிகைகளை இங்கு கட்டினர். பொதுவான முற்றமொன்றைச் சுற்றிப் பல குடும்பங்கள் வாழும் அமைப்பும் இப்பகுதியிற் காணப்பட்டது. புந்தாவின் தெரு வணிகப் பொருளுக்காக வகுக்கப்பட்டது. ஒத்ரபந்தாவின் ஒழுங்கை மனித உறவின் தேவைக்கேற்ப வளர்ந்தது.

ஒத்ரபந்தாவுக்கு மேற்கே, கடற்கரையோரமாக, சங்கிலியை உடைத்தெழும் மனித உருவங்களைக் கொண்ட நினைவுச்சின்னமொன்று நிற்கின்றது. நெல் சிமோன் என்ற சிற்பியின் படைப்பான அது 1998 இல் நிறுவப்பட்டது. தூலா என்ற அடிமையின் நினைவாக எழுந்தது அது. 1795 ஓகஸ்ட் 17 ஆந் திகதி தீவின் மேற்கிலுள்ள கெனெபாத் தோட்டத்தில் தூலாவும் தோழரும் வேலைக்குச் செல்ல மறுத்தனர். தோட்டந்தோட்டமாகப் பரவிய அவ்வெழுச்சியில் ஏறத்தாழ 2000 அடிமைகள் சேர்ந்தனர் என்பர். பேச்சுவார்த்தைக்குச் சென்ற கத்தோலிக்கக் குருவானவரிடம் தூலா முன்வைத்த வாதம் குறிப்பேட்டிற் பதிவாகியுள்ளது: பிரெஞ்சுக் குடியரசு அதன் அடிமைகளுக்கு விடுதலை அளித்துவிட்டது, ஒல்லாந்தோ இப்பொழுது பிரான்சின் கைக்குள் உள்ளது, எனவே நாமும் விடுதலை பெற்றோராதல் வேண்டும் என்பது அதன் சாரம். எழுத்தறிவு மறுக்கப்பட்ட தோட்டத்து அடிமை, ஐரோப்பிய அரசியலையும் ஹெயிற்றிப் புரட்சியையும் அறிந்து, அவற்றினின்றும் தருக்கமுறையில் ஒரு முடிவுக்கு வந்தமை வியப்புக்குரியது. இச்செய்திகள் தீவை எட்டியதும் கப்பல்கள் வழியாகவே. மனிதரைப் பண்டமாக ஏற்றியிறக்கிய அதே துறைமுகம் புரட்சியின் செய்தியையும் இறக்கியது.

கிளர்ச்சி சில வாரங்களில் நசுக்கப்பட்டது. 1795 ஒக்ரோபர் 3 ஆந் திகதி தூலா சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். அடிமைமுறை 1863 யூலை 1 ஆந் திகதியே சட்டப்படி ஒழிந்தது. அப்பொழுது குராசோவின் எசமானருக்கு அடிமை ஒருவருக்கு 200 கில்டர் வீதம் அரசாங்கம் நட்டஈடு வழங்கியது. விடுதலை பெற்றோருக்கு யாதும் வழங்கப்படவில்லை. நிலமற்ற அவர்களிற் பலர் பழைய தோட்டத்திலேயே குடிசை போட்டிருக்கும் உரிமைக்காக ஆண்டிற் குறித்த நாள்கள் கூலியின்றி உழைக்கவேண்டியிருந்தது. நெதர்லாந்துப் பிரதமர் மார்க் றுட்டெ 2022 டிசம்பர் 19 ஆந் திகதியும், மன்னர் வில்லெம்-அலெக்சாந்தர் 2023 யூலை 1 ஆந் திகதியும் அடிமைமுறைக்காக மன்னிப்புக் கோரினர். 2023 ஒக்ரோபர் 3 ஆந் திகதி, கொல்லப்பட்டு 228 ஆண்டுகளின் பின், நெதர்லாந்து அரசு தூலாவின் மீதிருந்த பழியை உத்தியோகபூர்வமாக நீக்கியது.

எண்ணெயும் எரிந்த நகரமும்

கரையிலிருந்து வடக்கே நோக்கினால் ஸ்கொத்தகாட் உட்கடலைச் சூழ எண்ணெய்த் தாங்கிகளும் புகைபோக்கிகளும் தோன்றுகின்றன. மரகாய்போ ஏரிப் பகுதியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து, ஷெல் நிறுவனம் அமைத்த சுத்திகரிப்பு நிலையம் 1918 முதல் இங்கு இயங்கத் தொடங்கியது. தீவின் பொருளாதாரம் ஒரே தலைமுறையில் உருமாறியது. ஆங்கிலக் கரீபியன் தீவுகள், சூரினாம், மதெய்றா முதலிய இடங்களிலிருந்து தொழிலாளர் வந்து குவிந்தனர். இரண்டாம் உலகப்போரில் நேசநாடுகளின் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் வேண்டிய எரிபொருளின் ஒரு பெரும்பகுதி இங்கிருந்து சென்றது. அக்காலத்தில், நீர்மூழ்கிகளின் தாக்குதலுக்கு அஞ்சிப் பாதுகாப்பும் உரிய ஊதியமும் கோரி வேலைநிறுத்தஞ் செய்த சீனக் கப்பற்றொழிலாளர் மீது 1942 ஏப்பிரில் 20 ஆந் திகதி பொலிசார் சுட்டதில் 15 பேர் உயிரிழந்தனர். அழகிய நகரைக் காணவருவோருக்கு இச்செய்தியைச் சொல்வோர் அரியர்.

போரின் பின்னர் தானியங்கி முறை புகுத்தப்பட்டது. பல வேலைகள் ஒப்பந்தகாரரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒரே வேலையைச் செய்வோருள் ஷெல் ஊழியனுக்கு ஒரு சம்பளமும் ஒப்பந்தக்காரரின் ஊழியனுக்குக் குறைந்த சம்பளமும் என்ற நிலை உருவாயிற்று. வெஸ்கார் என்ற ஒப்பந்த நிறுவனத்தின் தொழிலாளர் 1969 மே மாதத்தில் இதனை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்தனர். மே 30 ஆந் திகதி சுத்திகரிப்பு நிலைய வாயிலிற் கூடிய ஆயிரக்கணக்கான தொழிலாளர், அரசாங்கம் பதவி விலகவேண்டுமெனக் கோரி, அம்ஸ்ரடாம் கோட்டையை நோக்கி நடக்கத் தொடங்கினர். வழியிலே துறைமுகத் தொழிலாளர் சங்கத் தலைவர் வில்சன் கொடெட் பொலிசாராற் சுடப்பட்டுக் காயமுற்றார். அதன்பின் கோபம் தீயாயிற்று. கடைகளும் மாளிகைகளும் எரிந்தன, இருவர் உயிரிழந்தனர், நெதர்லாந்திலிருந்து படைவீரர் விமானமேறி வந்தனர்.

இவ்வெழுச்சியை வெறும் கலகம் எனக் கொள்வார் அதன் விளைவுகளை நோக்குதல் வேண்டும். சிறோ குறூன் தலைமையிலான அரசாங்கம் சில நாள்களிலேயே பதவி விலகியது. செப்தெம்பரில் நடந்த தேர்தலிலே தொழிலாளர் முன்னணியொன்று சட்டமன்றத்திற் புகுந்தது. அவ்வாண்டின் இறுதியில் எர்னெஸ்தோ பெத்ரோனியா நெதர்லாந்து அண்டிலீசின் முதலாவது கறுப்பினப் பிரதமரானார். கோட்டைக்குள் கறுப்பினத்தவர் ஆட்சியாளராகப் புகுவதற்கு, கோட்டையை நோக்கிய அந்நடை முன்னோடியாயிற்று. அம்ஸ்ரடாம் கோட்டையிலிருந்து நாம் தொடங்கிய நடையின் எதிர்த்திசையிலேயே 1969 இன் தொழிலாளர் நடந்தனர் என்பது கவனத்துக்குரியது.

ஷெல் நிறுவனம் 1985 இல் வெளியேறியது. மாசடைந்த நிலமும் நீரும் உட்பட அனைத்தும் பெயரளவிலான விலைக்குத் தீவரசிடம் கையளிக்கப்பட்டன. பின்னர் வெனிசுவெலாவின் அரச எண்ணெய் நிறுவனம் 2019 வரை குத்தகைக்கு அதனை நடத்தியது. இலாபம் கப்பலேறிச் சென்றது; கழிவு கரையிலே தங்கியது.

தெருவிற் கேட்கும் மொழி

இத்தனை தூரம் கண்ணாற் கண்டவற்றையே பேசினோம். காதுக்கும் இந்நகரிற் சான்றுண்டு. புந்தாவின் கடையிலும் ஒத்ரபந்தாவின் ஒழுங்கையிலும் கேட்கும் மொழி பாப்பியமெந்து. போர்த்துக்கேய, ஸ்பானியச் சொற்களை அடித்தளமாகக் கொண்டு, ஒல்லாந்தச் சொற்களையும் ஆபிரிக்க மொழிகளின் கூறுகளையும் ஏற்று, அடிமைச் சமூகத்திலே உருப்பெற்ற மொழி இது. 1775 இல் யூதர் ஒருவர் தம் காதலிக்கு எழுதிய கடிதம் இம்மொழியின் மிகப்பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்றாகும். அடிமை பேசிய மொழி ஒரு நூற்றாண்டுக்குள் எசமான வகுப்பாரின் இல்லத்து மொழியும் ஆகிவிட்டது என்பதற்கு இது சான்று. குழந்தைகளை வளர்த்த கறுப்பினச் செவிலியரே இம்மாற்றத்தின் வழியாயினர் எனலாம்.

ஆயினும் நீண்டகாலம் பாடசாலையிலும் பணிமனையிலும் ஒல்லாந்த மொழியே கோலோச்சியது. 1969 எழுச்சியைத் தொடர்ந்து பாப்பியமெந்துவின் மதிப்பு உயர்ந்தது. 2007 இல் அது உத்தியோக மொழியாகவும் ஏற்கப்பட்டது. மாளிகைகளை மரபுரிமையென உலகம் ஏற்றது 1997 இல். மாளிகைகளைக் கட்டியோரின் மொழியை அரசு ஏற்றது அதற்குப் பத்தாண்டுகளின் பின். கல்லுக்குக் கிடைத்த மதிப்பு சொல்லுக்குத் தாமதித்தே கிடைத்தது.

முடிவாக

அண்மைத் தசாப்தங்களிலே சிதைந்து கிடந்த பல வீடுகள் செப்பனிடப்பட்டுள்ளன. ஒத்ரபந்தாவின் பாழடைந்த பகுதியொன்றை வாங்கித் திருத்திய செல்வர் ஒருவர், அங்கே சுற்றுலா விடுதியையும், அடிமை வாணிபத்தின் வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகத்தையும் 1999 அளவில் அமைத்தார். 1828 இல் எழுந்த றிஃப் கோட்டையினுள் இன்று கடைகளும் உணவகங்களும் இயங்குகின்றன. பாழாய்ப் போவதிலும் இது நன்றே. எனினும் செப்பனிட்ட ஒழுங்கையில் அதன் பழைய குடிகள் தொடர்ந்து வாழ முடிகின்றதா, அன்றி உயர்ந்த வாடகை அவர்களை வெளியே தள்ளுகின்றதா என்ற வினாவைப் பேணுகைத் துறையினர் எதிர்நோக்கியே ஆகவேண்டும். மக்களை வெளியேற்றிவிட்டுச் சுவர்களை மட்டும் காப்பது மரபுரிமையைக் காப்பதாகாது.

வில்லெம்ஸ்ரட்டின் நிறங்களை வெறுக்க வேண்டியதில்லை. அவை கண்ணுக்கு இனியனவே. அந்நிறங்களைக் கரைத்தவர், பூசியவர், உரிந்தபொழுது மீண்டும் பூசியவர் ஆகியோரின் கைகளையும் சேர்த்துப் பார்க்கும்பொழுதே அழகு முழுமை பெறுகின்றது. ஹந்தல்ஸ்காதெயிலே தொடங்கி அங்கேயே முடிக்கும் நடை பாதி நகரத்தையே காட்டும். பாலத்தைக் கடந்து, ஒழுங்கைகளினூடே நடந்து, தூலாவின் நினைவுச்சின்னம் வரை செல்பவனே அந்நகரின் மறுபாதியையும் கண்டவனாவான்.